கொழும்பு வெக்கையில் அக்சலொட்டல்: தவிப்புக்குக் காரணம் தேடும் வரிசை

புதிதாக அக்சலொட்டல் (வெளியே செவுள் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க நீரிலேயே வாழும் ஒரு நீர்நில வாழி) வாங்கியவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, செவுளெல்லாம் முன்னுக்கு வளைஞ்சு கிடக்கு, ரெண்டு நாளாச் சாப்பிடுதில்லை. என்ன மருந்து போடுறது?" நான் திருப்பிக் கேட்பது, "தண்ணி இப்ப எத்தனை டிகிரி?" என்று. அதற்கு உடனே எண் சொல்லக் கூடியவர்கள் குறைவு.

மருந்து இந்த வரிசையின் கடைசிப் படி. முதலில் வெப்பம், அடுத்தது தண்ணீரின் அளவுகள், பிறகு நீரோட்டமும் வெளிச்சமும், அதற்கும் பிறகுதான் உணவும் நோயும். காரணம் எளிது. சூடான நீரில் ஒட்சிசன் குறையும், அமோனியாவின் நச்சுத்தன்மை கூடும், பங்கசு விரைவாகப் பரவும். மேலே இருக்கும் காரணத்தை விட்டுவிட்டுக் கீழே வைத்தியம் பார்த்தால், நேற்று ஆறிய செவுளில் நாளைக்கு மறுபடியும் வெள்ளைப் பஞ்சு முளைக்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல வெப்பமானி. கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டி வேண்டாம். அது பாதி கண்ணாடியையும் பாதி அறைக் காற்றையும் அளக்கும். நீருக்குள் இறங்கும் கண்ணாடி வெப்பமானியோ, வயருடன் வரும் டிஜிட்டல் ஒன்றோ எடுங்கள்.

தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து வகை ரெஸ்ட் கிட் ஒன்று. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கும் அதில் இருக்க வேண்டும். முடிந்தால் கேஎச் (பிஎச் விழாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டின் அளவு) சோதனையும் தனியாக வாங்குங்கள். அது ஏன் என்பது நான்காம் படியில் வருகிறது. தாள் பட்டிகள் மலிவுதான், ஆனால் அமோனியா 0ஆ 0.25ஆ என்ற வித்தியாசத்தை அவற்றால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

குளோரின் நீக்கும் மருந்து, உணவுக்குப் பாவிக்கக்கூடிய மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, சோப்பே படாத ஒரு வாளி, ஒரு கொப்பி, பேனை. கொப்பியைத் தவிர்க்காதீர்கள். நாளும் நேரமும் எண்ணும் எழுதி வைத்தவருக்கு, எது எப்போது மாறியது என்று இரண்டு நிமிடத்தில் காட்டலாம். "முந்தி நல்லா இருந்தது" என்பதிலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

குளோரின் நீக்கி வாங்கும்போது லேபலைப் படியுங்கள். சில தயாரிப்புகளில் மீனின் தோலுக்கென்று கற்றாழைச் சாறு சேர்த்திருப்பார்கள். அக்சலொட்டலுக்கு அது இல்லாத வகையே வாங்க வேண்டும்.

2. முதலில் தொடாமல் பாருங்கள்

தொட்டிக்குள் கை போடுவதற்கு முன், பகலில் ஒரு தடவையும் விளக்கணைத்த பிறகு ஒரு தடவையும் கால் மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்கள். இது இரவில் நடமாடும் பிராணி. பகல் முழுக்க ஒரு மூலையில் அசையாமல் கிடப்பது நோயல்ல. எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றெடுத்துவிட்டுப் போவதும், செவுளை ஒரு தடவை உதறுவதும், கொட்டாவி விடுவது போல் வாயைத் திறப்பதும் வழக்கமானவைதான். செவுள்கள் ஓய்வில் வெளிறியும் அசையும்போது சிவந்தும் தெரியலாம்.

கவனிக்க வேண்டியவை வேறு. செவுள் கிளைகள் மணிக்கணக்காக முன்னோக்கி வளைந்தே இருந்தால், பெரும்பாலும் நீரோட்டம் அதிகம், அல்லது தண்ணீர் சரியில்லை. வால் நுனி கொக்கி போலச் சுருண்டே இருந்தால் உடனே அமோனியாவைச் சோதியுங்கள். கண்ணாடியில் மோதி மோதிப் பாய்ந்தோடினால் குளோரினோ அமோனியாவோ தோலைச் சுடுகிறது, அல்லது நீர் சூடேறிவிட்டது. அடிக்கடி மேலே வந்து காற்றெடுத்தால் நீரில் ஒட்சிசன் போதவில்லை. செவுள் மயிர்கள் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டு போனால், அது நேற்றுத் தொடங்கிய பிரச்சினையல்ல, வாரக்கணக்காக நடப்பது.

மிதப்பதைக் கண்டு பலர் பதறுவார்கள். மிதந்தபின் தானாகக் கீழே போய் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் காற்றை விழுங்கியிருக்கிறது, தானாகச் சரியாகும். கீழே போக முயன்றும் முடியாமல், அல்லது வயிறு மேலே பார்க்க மிதந்தால் பத்தாம் படிக்குப் போங்கள்.

கண்டதை எழுதுங்கள். காரணத்தை இப்போதே எழுத வேண்டாம்.

3. வெப்பம்: கொழும்பில் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்

இந்தப் பிராணியின் ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சொச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே உள்ள குளிர்ந்த வாய்க்கால்கள். அதற்கு உகந்த நீர் 16 முதல் 18 டிகிரி. 20 வரை தாங்கும். 22ஐத் தாண்டினால் தவிப்புத் தொடங்கும், 24இல் நாட்கணக்காக இருந்தால் நோய் வரும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி அறையில் சும்மா வைத்த தொட்டியின் நீர் 28, 29 இருக்கும். ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட இதே அளவுதான். "டிசம்பரில குளிர் வரும்தானே" என்று காத்திருக்க இங்கே வழியில்லை.

எப்படி அளப்பது: பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை. வெப்பமானியைச் சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) குழாய் வாயிலிருந்து தள்ளி, அடித்தரைக்குக் கிட்ட வையுங்கள், பிராணி கிடப்பது அங்கேதான். இரண்டு எண்களும் 20க்குக் கீழே, அவற்றுக்கிடையே 2 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். சில்லரின் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது சில்லருக்குள் ஓடும் நீரின் எண்.

ஃபேன் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீருக்கு மேல் ஃபேன் வைத்தால், நீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. 30 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 75 வீதம் என்றால், எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் நீர் ஏறத்தாழ 26க்குக் கீழே இறங்காது. நுவரெலியாவில் சரிவரும் உத்தி கொழும்பில் சரிவராது, இது காற்றின் கணக்கு.

ஏசி அறை என்றால் கதை மாறும். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. 24இல் இரவும் பகலும் ஓடும் அறையில், நீருக்கு மேல் சிறு ஃபேன் வைத்தால் 20, 21 வரை இறங்கக் கூடும். அறையை 22க்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. இரவு மட்டும் ஏசி போடும் அறை மோசமானது. காலையில் 21, மாலையில் 27 என்று நீர் தினமும் ஏறி இறங்கும், அந்த ஊசலாட்டமே பிராணியை வாட்டும்.

ஐஸ் போத்தல் அவசரத்துக்கு மட்டும். கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம் 80 லீற்றர் நீரை 1 டிகிரி இறக்கும், உருகிய நீர் சூடேறுவதையும் சேர்த்தால் சற்று அதிகம். 80 லீற்றர் தொட்டியை 28இலிருந்து 18க்குக் கொண்டுவர ஏறத்தாழ 8 லீற்றர் ஐஸ் வேண்டும். அதன் பிறகும் அறை வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். இதை நாள்தோறும் செய்பவர் வேலைக்குப் போக முடியாது. போத்தலை மூடியோடுதான் போட வேண்டும். ஐஸ் கட்டியை நேரே தொட்டிக்குள் கொட்டுபவர்கள், அதைக் குழாய்த் தண்ணீரில் உறைய வைத்தோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதில் குளோரின் இருக்கிறது.

ஆகவே கொழும்பில் நிலையான வழி சில்லர், அல்லது நாள் முழுக்க ஓடும் ஏசி. இரண்டுக்கும் இடமில்லை என்றால் இந்தப் பிராணியை வாங்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். வாங்கிய பிறகு சொல்வதைவிட முன்னமே சொல்வது பிராணிக்கு நல்லது.

சில்லர் இருந்தும் நீர் 23இலேயே நிற்கிறதா? இவற்றைப் பாருங்கள்:

சில்லரை அலுமாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்களா. அது வெளிவிடும் சூடான காற்றையே திரும்ப இழுத்தால் குளிராது. சுற்றிவர ஒரு சாண் வெளியாவது வேண்டும்.

பக்கத்து வலையில் தூசி அடைத்திருக்கிறதா. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவையாவது துடைக்க வேண்டும். உப்புக் காற்று அந்த அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும்.

அதற்குள் ஓடும் நீரின் வேகம், கூட வந்த கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்கிறதா. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மோட்டரும் நீரைச் சூடாக்கும், தேவைக்கு மேல் பெரிய மோட்டர் போட வேண்டாம்.

தொட்டியின் பின்புறத்துக்கும் இரு பக்கங்களுக்கும் ரெஜிபோம் ஒட்டுங்கள். இதில் இரண்டு பயன். ஒன்று, சில்லர் ஓடும் நேரம் குறையும். மற்றது, வியர்வை. ஏசி இல்லாத கொழும்பு அறையில் 18 டிகிரிக் கண்ணாடி எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நீர் பலகை ஸ்டாண்டுக்குள் இறங்கி அதை ஊதச் செய்யும், வயர் வழியாகப் பிளக்குக்கும் போகும். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சூடான நீரில் கிடக்கும் பிராணியை ஒரேயடியாகக் குளிருக்குள் போடாதீர்கள். மணித்தியாலத்துக்கு 1 டிகிரி என்ற அளவில் இறக்குங்கள்.

மின்வெட்டுக்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டதையும் நாம் மறக்கவில்லை. மூடிய ஐஸ் போத்தல்கள் நான்கைந்து எப்போதும் ஃபிரீசரில் இருக்கட்டும். பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். சில்லர் நின்றாலும் காற்று ஓடினால் பில்டரிலுள்ள பக்டீரியா பிழைக்கும்.

4. தண்ணீரின் அளவுகள்

வெப்பம் சரியென்றால், அல்லது சரிசெய்யத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், இப்போது ரெஸ்ட் கிட்டை எடுங்கள். தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும். மாற்றிய பிறகு சோதித்துவிட்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பவர்கள் நிறையப் பேர்.

இருக்க வேண்டியது: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20க்குக் கீழே (மூன்றும் லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்). பிஎச் 7.4க்கும் 7.6க்கும் இடையில் என்றால் மிக நல்லது. 6.5 முதல் 8 வரை, நிலையாக இருக்கும்வரை, தாங்கும்.

நைட்ரேட் சோதனையின் இரண்டாவது போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும், கையேட்டில் சொன்ன நேரம் முழுக்க. அடியில் படிந்ததைக் கலக்காமல் சொட்டு விட்டால் 0 காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் நைட்ரேட் 0 என்றால் நான் முதலில் சோதனையைத்தான் சந்தேகிப்பேன்.

அமோனியாவோ நைட்ரைட்டோ 0.25 காட்டினால் அன்றே மூன்றிலொரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். 0.5ஐத் தாண்டினால் பிராணியை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள், ஒன்பதாம் படி. பிறகு தொட்டி ஏன் அப்படி ஆனது என்று தேடுங்கள். காரணங்கள் பெரும்பாலும் இவை மூன்றுதான்.

முதலாவது, தொட்டி பழகவேயில்லை. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்டீரியா பில்டரில் குடியேற நான்கு முதல் எட்டு வாரம் எடுக்கும். கடைக்காரர் "ரெண்டு நாள் தண்ணி ஓடவிட்டாப் போதும்" என்று சொல்லியிருப்பார். போதாது. பிராணி இல்லாத தொட்டியில் அமோனியாக் கரைசல் விட்டு 2 என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த 2, 24 மணித்தியாலத்தில் அமோனியா 0, நைட்ரைட் 0 என்று ஆகும் நாளில்தான் தொட்டி ஆயத்தம்.

இதில் கொழும்பு வெக்கை நமக்கு உதவுகிறது. இந்தப் பக்டீரியா 25 முதல் 30 டிகிரியில் வேகமாகப் பெருகும். ஆகவே பழக்கும் வாரங்களில் சில்லரைப் போடாதீர்கள். பழகி முடிந்த பிறகு சில்லரைப் போட்டு மெதுவாக 18க்கு இறக்கி, அங்கே வைத்து மறுபடியும் அந்த 2 சோதனையைச் செய்யுங்கள். குளிரில் பக்டீரியாவின் வேகம் குறையும். 28இல் தேறிய பில்டர் 18இல் சில நாள் திணறும். இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பிராணியை விடுவதால்தான், "எல்லாம் முறைப்படி செய்தேனே" என்பவர்களின் தொட்டியிலும் முதல் வாரத்தில் அமோனியா ஏறுகிறது.

இரண்டாவது, பில்டர் பஞ்சைக் குழாயில் கழுவினார்கள். குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழிந்தால் போதும், அதுவும் இரண்டு பஞ்சு இருந்தால் ஒரு வாரத்தில் ஒன்று மட்டும்.

மூன்றாவது அவ்வளவாகக் கண்ணில் படாதது: கேஎச் விழுந்துவிட்டது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும் கொழும்புக்கு வரும் குழாய்நீர் பொதுவாக மென்மையானது. மாதக்கணக்கில் ஓடும் தொட்டியில் பக்டீரியாவே கேஎச்சைத் தின்று தீர்க்கும். அது தீர்ந்ததும் பிஎச் ஒரே சரிவாகக் கீழே போகும், பக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். கேஎச் 3க்குக் கீழே போனால், நன்றாகக் கழுவிய சிப்பி ஓட்டுத் துண்டுகளைச் சிறு வலைப்பையில் கட்டிப் பில்டருக்குள் வையுங்கள். மெதுவாகக் கரையும், திடீர் மாற்றம் வராது. கடற்கரையில் பவளக் கல் பொறுக்கப் போக வேண்டாம், அது சட்டவிரோதம்.

கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடுகள் தெஹிவளைப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அதில் குளோரின் இல்லை என்று மகிழ்வதற்கு முன்னால், கிணற்று நீரையே தனியாகச் சோதியுங்கள். மலசலக் குழிக்குக் கிட்ட உள்ள கிணறு என்றால் நைட்ரேட் தொட்டிக்கு வருமுன்னரே ஏறியிருக்கலாம், கடலுக்குக் கிட்ட என்றால் உவர் இருக்கலாம்.

5. தண்ணீர் மாற்றும் நாள்தான் பிரச்சினை நாளா?

கொப்பியைத் திறந்து பாருங்கள். தவிப்பு ஒவ்வொரு முறையும் தண்ணீர் மாற்றிய அன்றே, அல்லது மறுநாளே வருகிறதா? அப்படியென்றால் புதுத் தண்ணீரில்தான் கோளாறு.

மொட்டை மாடித் தாங்கியில் வெயில் குடித்த நீர் பிற்பகலில் 30ஐயும் தாண்டும். 28 டிகிரி நீர் என்றே வைத்துக்கொள்வோம். 100 லீற்றர் தொட்டியில் 25 லீற்றர் மாற்றினால், 18இல் இருந்த நீர் அரை மணித்தியாலத்தில் 20.5 ஆகிவிடும். பிராணிக்கு அது ஒரு அடி. முதல்நாள் இரவே வாளியில் நீர் பிடித்து, குளோரின் நீக்கி, ஐஸ் போத்தல் போட்டுக் குளிர்வித்து, வெப்பமானியால் பார்த்து, தொட்டி நீரிலிருந்து 1 டிகிரிக்குள் வந்த பிறகு விடுங்கள்.

வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய வழக்கம். ஆழமான வாளியில் அது முழுதாகப் போனதா என்று கண்ணால் தெரியாது. மருந்து சில ரூபாய்தான், செவுள் கருகினால் திரும்பி வளர வாரங்கள் எடுக்கும். இன்னொன்று, வாளியை நுளம்பு புகாமல் மூடி வையுங்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குடம்பி உள்ள தண்ணீருக்கு வழக்குப் போடலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் "இது அக்சலொட்டலுக்கு" என்று சொல்லித் தப்ப முடியாது.

6. நீரோட்டம், வெளிச்சம்

ஒரு சிறு துண்டு இலையை நீருக்குள் விட்டுப் பாருங்கள். அது தொட்டியைச் சுற்றி ஓடினால் ஓட்டம் அதிகம். சில்லருக்கு வேகமான நீர் வேண்டும், அக்சலொட்டலுக்கு அது ஆகாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, திரும்பி வரும் குழாயில் துளைகள் போட்ட ஒரு நீண்ட குழாயைப் பொருத்தி, துளைகளைப் பின் கண்ணாடியைப் பார்க்கத் திருப்புங்கள். செவுள்கள் ஒன்றிரண்டு நாளில் பின்னோக்கித் திரும்பினால் காரணம் இதுதான்.

இதற்கு இமை இல்லை. மேலே பிரகாசமான விளக்கு எரிந்தால் கண்ணை மூடி ஒதுங்க முடியாது. விளக்கு அவசியமில்லை. தாவரத்துக்காக வேண்டுமென்றால் மங்கலாக, மிதக்கும் செடிகளுக்கு மேலாக. உடல் முழுதாக நுழையக்கூடிய ஒளிவிடம் ஒவ்வொரு பிராணிக்கும் ஒன்றுக்குமேல் இருக்க வேண்டும். ஒளிவிடத்தின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், உங்கள் விரலுக்குக் கூராகத் தெரிவது அதன் தோலைக் கிழிக்கும்.

7. அறைக் காற்றில் வரும் நஞ்சு

தண்ணீரின் எண்கள் எல்லாம் சரி, வெப்பம் சரி, ஆனாலும் திடீரென்று பாய்ந்தோடுகிறது என்றால், முதல்நாள் அறையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். டெங்குக்குப் புகை அடித்தார்களா? நுளம்புத் திரி எரிந்ததா? கரப்பானுக்கு ஸ்பிறே அடித்தார்களா? இந்தப் பூச்சிகொல்லிகள் நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியவை. காற்று மோட்டர் அறைக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் கொடுக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

டெங்குப் புகை அடிக்க வரும் வண்டியின் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியது: யன்னலைச் சாத்துங்கள், காற்று மோட்டரை நிறுத்துங்கள், தொட்டியை நனைத்த துணியால் மூடுங்கள். தெருவில் புகை அடங்கி அறை காற்றோட்டமான பிறகு மோட்டரைப் போடுங்கள். பிந்திவிட்டால் உடனே குளிர்ந்த புதுத் தண்ணீரில் பாதியளவு மாற்றி, பில்டருக்குள் செயற்படுத்திய கரி ஒரு பை வையுங்கள். வீட்டில் உள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதைச் சொல்லி வைப்பது உங்கள் பொறுப்பு. திரியைக் கொளுத்துபவர் அவர்கள்தான், பிராணியைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

8. தரை, துணை, உணவு

சரளைக் கல் வேண்டாம். வாயைத் திறந்து உறிஞ்சித்தான் இது இரை பிடிக்கும், கல்லும் சேர்ந்து போய் குடலை அடைக்கும். 15 சென்ரிமீற்றரைத் தாண்டியவற்றுக்கு மிக மெல்லிய மணல் சரி, குட்டிகளுக்கு வெறும் தரை. வெறும் கண்ணாடியில் கால் வழுக்கினால் ஒரு மட்டமான கற்பலகை போடுங்கள்.

மீன் வேண்டாம். அசையும் செவுளை மீன் கொத்தும். குட்டி அக்சலொட்டல்கள் ஒன்றின் காலை ஒன்று கடிக்கும், அளவு வித்தியாசமானவற்றைச் சேர்த்து வைக்கக் கூடாது. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்து பெண் மட்டும் மெலிந்துகொண்டு போனால், ஓயாத இனப்பெருக்கமே காரணமாகலாம். பிரித்துவிடுங்கள்.

உணவுக்கு மண்புழு முதல் தரம். உரமோ மருந்தோ அடிக்காத மண்ணில் எடுத்தது. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும், குட்டிக்குத் தினமும். உடலின் அகலம் தலையின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் போதிய உணவு கிடைக்கிறது. சாப்பிடாத மிச்சத்தை அன்றிரவே எடுத்துவிடுங்கள், காலையில் அது அமோனியாவாகியிருக்கும். வாய்க்கால் டியூபிபெக்ஸ் புழுவும், கடையில் இரைக்கென்று விற்கும் கப்பி மீனும் நோயையும் ஒட்டுண்ணியையும் கொண்டுவரும்.

9. தனிப் பெட்டியில் வைப்பது

தொட்டி நீர் கெட்டுவிட்டால், அல்லது பிராணியின் உடலில் காயமோ பங்கசோ இருந்தால், தனிப் பெட்டி. இது தண்டனை போலத் தெரிந்தாலும் சுத்தமான நீரே இதற்கு நல்ல மருந்து. உடல் முழுதாக மூழ்கும் அளவு நீர், ஒரு ஒளிவிடம், மேலே மூடி. ஒவ்வொரு 24 மணித்தியாலமும் நீர் முழுவதையும் மாற்ற வேண்டும், பெட்டியில் பக்டீரியா இல்லை.

இங்கே கொழும்பில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் சில்லர், பெட்டியில் ஒன்றுமில்லை. சிறிய அளவு நீர் இரண்டு மணித்தியாலத்தில் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். பெட்டியை ஏசி அறையில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, பக்கங்களில் ஐஸ் போத்தல் அடுக்கி மாற்றிக்கொண்டிருங்கள். பழகிய தொட்டியின் நீர் நல்லதாக இருந்தால், பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே மிதக்க விடுவது எல்லாவற்றிலும் இலகு. நீர் கலக்காது, குளிர் மட்டும் வரும்.

வலையால் அள்ள வேண்டாம், செவுளும் விரல்களும் சிக்கும். ஒரு சிறு பாத்திரத்தை நீருக்குள் சரித்து அதற்குள் நடக்க விட்டு எடுங்கள்.

10. மருந்தும் மிருக வைத்தியரும்

இதுவரை வந்த படிகளில் ஒவ்வொன்றையும் மாற்றிய பின் இரண்டு நாளாவது பாருங்கள், அவசரமான அமோனியாவும் சூடும் தவிர. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, அடுத்த முறையும் இருட்டில்தான் தேடுவீர்கள்.

மீன் கடையில் "எல்லா வருத்தத்துக்கும்" என்று தரும் போத்தலைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். இதன் தோல் நீரில் உள்ளதை உறிஞ்சும். செம்பும் மலகைட் கிறீனும் உள்ள மருந்துகள் மீனுக்குச் சரி, இதற்கு ஆபத்து. உப்புக் குளியல் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் சமையல் உப்பு அயடின் சேர்த்தது, அதைப் பாவிக்கவே கூடாது. அயடின் இல்லாத உப்பும் தோலை வாட்டும். வைத்தியர் சொல்லாமல் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பிராணியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் முறையும் அப்படித்தான்.

வெள்ளைப் பஞ்சு சிறிதாக இருந்தால், 16 டிகிரித் தனிப் பெட்டியும் தினமும் முழு நீர் மாற்றமும் பல வேளைகளில் போதும். பஞ்சு பரவினால், தோலில் சிவப்புத் திட்டு தெரிந்தால், வயிறு ஊதினால், தலைகீழாக மிதந்தால், வளர்ந்தது இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

கொழும்பில் பெரும்பாலான மிருக வைத்தியர்கள் நாயும் பூனையும் பார்ப்பவர்கள். போகுமுன் தொலைபேசியில், நீர்நில வாழிகளைப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் யாரிடம் போகலாம் என்றும் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் போதனா மருத்துவமனை உண்டு, ஆனால் கண்டி வரையான பயணத்தை நோயுற்ற பிராணி தாங்குமா என்பதை முதலில் வைத்தியரிடம் பேசி முடிவெடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: மூடியில் துளையிட்ட பெட்டியில் பிராணி, அதைச் சுற்றி ரெஜிபோம் பெட்டியும் துணியில் சுற்றிய ஐஸ் போத்தலும், தொட்டி நீர் ஒரு சிறு போத்தலில் தனியாக, முதல் நாளிலிருந்து எழுதிய கொப்பி, தவிப்பைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ. வைத்தியரின் மேசையில் பிராணி பயத்தில் அசையாமல் கிடக்கும், வீட்டில் அது செய்ததை அந்த வீடியோவில்தான் அவர் பார்க்க முடியும். நண்பகல் வெயிலில் முச்சக்கர வண்டியில் போக வேண்டாம், காலை முதல் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.